தாத்தா வீட்டு வரி பாக்கி: குடும்பக் குழுவில் ஒரு காலை

உமா: எல்லாரும் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். வீட்டை வாங்குகிறவருடைய வக்கீல் கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீதைக் கேட்கிறார். அதைப் பார்க்காமல் அக்ரிமெண்ட் கிடையாது என்கிறார். யாரிடம் இருக்கிறது?

ராஜி அத்தை: என்னிடம் இல்லை

பிரியா: எந்த வீடு?

குமார்: விற்கிற அளவுக்கு நமக்கு எத்தனை வீடு இருக்கிறது பிரியா

பெரியப்பா: இனிய காலை வணக்கம்

குமார்: அப்பா, மேலே உமா கேட்டதைப் படியுங்கள்

பெரியப்பா: படித்தேன். வில்லங்கம் போட்டுப் பார்த்தாகிவிட்டது, சுத்தமாக இருக்கிறது. அப்புறம் எதற்கு ரசீது

மணி சித்தப்பா: அண்ணே, வில்லங்கச் சான்றிதழில் வரி பாக்கி வராது. பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும், கிரயம், அடமானம், செட்டில்மெண்ட் இப்படி. வீட்டு வரி நகராட்சிக் கணக்கு, அது தனி. அந்தப் பாக்கி வீட்டின் மேலேயே நிற்கும், வீடு கை மாறினால் வாங்கினவர் தலையில் வந்து விடியும், அதனால்தான் அந்த வக்கீல் பிடிவாதம் பிடிக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட மாட்டேன்.

குமார்: சித்தப்பா யார் பக்கம்?

உமா: ரசீது கிடைத்துவிட்டது. தாத்தாவின் இரும்புப் பெட்டியில், அவர் கம்பியில் குத்தி வைத்தபடியே இருக்கிறது. கடைசி ரசீது 2013.

உமா: [படம்]

பிரியா: நடுவில் ஓட்டை

உமா: துரு ஏறிய ஓட்டை, சரியாக வரி விதிப்பு எண் மேல். கடைசி இரண்டு இலக்கம் போய்விட்டது. கீழே இருக்கிற பழைய ரசீதுகளையும் பார்க்கிறேன், எல்லாவற்றையும் ஒரே இடத்தில்தான் குத்தியிருக்கிறார்.

ராஜி அத்தை: பெட்டி உன்னிடமா இருக்கிறது? அம்மாவின் தையல் மெஷின் யாரிடம் என்று நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்

குமார்: அத்தை, இப்போது அதுவா

ராஜி அத்தை: கேட்டால் தப்பா

பெரியப்பா: அது ஓடாது ராஜி

ராஜி அத்தை: ஓ. அப்போ அண்ணியிடம்தான் இருக்கிறது. சரி.

பிரியா: 2013க்கு அப்புறம் யாருமே கட்டவில்லையா??

மணி சித்தப்பா: அப்பா இறந்த வருஷம் அது. அரையாண்டுக்கு ஒரு தடவை கட்ட வேண்டியது, விட்டுவிட்டோம்.

ராஜி அத்தை: வாடகை மட்டும் மாசம் தவறாமல் வந்தது

குமார்: யாரைச் சொல்கிறீர்கள்?

ராஜி அத்தை: பொதுவாகச் சொன்னேன்

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரியா: பெரிய மாமா, என்ன போட்டீர்கள்?

குமார்: விடு

உமா: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இப்போதே நாம் கையிலிருந்து கட்டுகிறோமா, விற்கிற பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்கிறோமா? வக்கீலுக்கு அதுதான் தெரிய வேண்டும்.

மணி சித்தப்பா: 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55 பார். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கிரயத் தேதி வரைக்கும் உள்ள வரி விற்கிறவர் பொறுப்பு, அதற்குப் பிறகு வாங்கினவர் பொறுப்பு. கையில் பணம் இல்லை என்பதற்காக விற்பனை நின்றுவிடாது, விலையில் கழிக்கலாம். ஆனால் தொகையை அவர் கையில் விட்டுவிட்டு, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர் கட்டாமல் விட்டால் யாரை யார் கேட்பது? பாக்கிக்கு நேரே நகராட்சி பெயரில் டிடி எடுக்கச் சொல், பத்திரப் பதிவுக்கு முன்னால் ரசீது வர வேண்டும், இதை அக்ரிமெண்ட்டிலேயே எழுதச் சொல். முதலில் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கு, வாய்க்கணக்கு ஆகாது. குடிநீர்க் கட்டணம் தனிக் கணக்கு, அதையும் கேள். வரி இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது, அதனால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கையோடு எடுத்துப் போ.

பிரியா: சின்ன மாமா, மூச்சு விடுங்கள்

உமா: கழித்துக்கொள்ளலாம் என்றால், மொத்தத்தில் கழித்துவிட்டு மீதியை நாலாகப் பிரிக்கிறோம். அப்பா பங்குக்கு நான் சரி சொல்கிறேன்.

பெரியப்பா: சரியாகச் சொன்னாய். நாலு பேர் வீடு, நாலு பேர் வரி.

ராஜி அத்தை: நாலு பேர் வாடகையா அண்ணா?

குமார்: ஓடு மாற்றினது, மோட்டார் போட்டது எல்லாம் அப்பாதான். அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

ராஜி அத்தை: கணக்கைக் காட்டட்டும், பேசுகிறேன்

மணி சித்தப்பா: முதலில் எவ்வளவு என்று தெரியட்டும். உமா, திங்கட்கிழமை நகராட்சிக்கு நாம் இருவரும் போகலாம்.

குமார்: திங்கள் அரசு விடுமுறை

மணி சித்தப்பா: செவ்வாய் எனக்குக் கண் டாக்டர்

உமா: வக்கீலிடம் என்ன சொல்லட்டும்?

பிரியா: ஒரு வாரம் கேளுங்கள் அக்கா

பெரியப்பா: [குரல் செய்தி, 4:12]

பிரியா: இதை யார் கேட்கப் போகிறீர்கள்

மணி சித்தப்பா: கேட்டுவிட்டேன். வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா, மெஷினை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

ராஜி அத்தை: வாடகை நோட்டையும் அதன் மேலேயே வைக்கச் சொல்