வெள்ளிக்கிழமையில் சென்னையில் எந்த மியூசியத்துக்குக் கூட்டிப்போவது?

அருங்காட்சியக ஊழியர்களுக்கான மூன்று நாள் மாநாட்டில் சுற்றுலா என் பொறுப்பு. விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்தோம். 38 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், அதில் இருவர் சக்கர நாற்காலியில் வருபவர்கள். சுற்றுலா நாள் வெள்ளி. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வார விடுமுறை அன்றுதான். மியூசியம்காரர்களே அதைக் கவனிக்கவில்லை, சிரிக்காதீர்கள்!

பெரும்பாலோர் கேட்டது சோழர் செப்புத் திருமேனிகளை. எழும்பூரில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜருக்காகவே சிலர் வருகிறார்கள். வியாழனுக்கு மாற்றலாம் என்றால் அன்று முழுக்க அமர்வுகள். சிறப்பு அனுமதிக்கு எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதிலே இல்லை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்தான் விடுமுறை, போகலாம். ஆனால் அங்கே பழைய வீடுகள்தான் விசேஷம். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் சிலைகள் உண்டு, வெள்ளியும் திறந்திருக்கும். அப்புறம் பார்த்தால் போகவே மூன்று மணி நேரம். பலருக்கு இரவு 8 மணிக்கு எழும்பூரில் ரயில்.

பஸ் ஒன்று பேசியாகிவிட்டது. காலை 9 மணிக்குக் கிளம்பி மாலை 6-க்குள் திரும்ப வேண்டும்.

சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், வெள்ளிக்கிழமை திறந்திருக்கும், செப்புத் திருமேனிகளை அருகில் நின்று பார்க்க முடிகிற, சக்கர நாற்காலி போகக்கூடிய இடம் ஏதாவது தெரியுமா?