மறு: பேஸ் டிரம் பெடலுக்குச் சொல்: ‘மிதிகுணில்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டிரம் பழகும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதுகிறேன், தரையில் நிற்கும் பெரிய டிரம்மைக் காலால் அடிக்க உதவும் ‘பேஸ் டிரம் பெடல்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். வந்த மடல்களை எல்லாம் இரண்டு முறை படித்தேன். மூன்று சொற்கள் நிற்கின்றன: மிதி, கால்மிதி, முரசுமிதி. மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டு நான்காவது ஒன்றை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> எங்கள் வீட்டுத் தறிக்குழியில் காலால் அழுத்துவதை ‘மிதி’ என்றுதான் சொல்வோம். புதுச்சொல் எதற்கு?

மிதி அருமையான சொல். அதை விடுகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் தறியில் மிதி என்பது ஓர் உறுப்பு, தறி முழுவதற்கும் அது பெயர் இல்லை. இங்கே நாம் தேடுவது கருவி முழுவதற்குமான பெயர். கால் வைக்கும் பலகைக்கு மிதி அல்லது மிதிபலகை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பலகைக்கு மேலே அச்சு, உருளி, சுருள்வில், அடிக்கும் கோல் என்று ஒரு பொறியே இருக்கிறது. அத்தனையையும் ‘மிதி’ என்று சொல்லிவிட்டால் வாங்கப் போகிறவன் கண் பலகையில்தான் நிற்கும்.

இது எனக்கே நடந்தது. 2011-இல் மெல்லிசைக் குழுவில் வாசிக்கத் தொடங்கிய புதிதில் 2,800 ரூபாய்க்கு ஒரு பெடல் வாங்கினேன். பலகை அகலமாக, பளபளவென்று, பிடிமானத்துக்கு வரிவரியாகச் செதுக்கி இருந்தது. அதை மட்டும் பார்த்தேன். நான்கே மாதத்தில் அச்சு ஆடத் தொடங்கியது. ஒரு திருமண வரவேற்பில் வேகமான பாட்டு ஒன்றின் நடுவே அடிகோல் பக்கவாட்டில் சாய்ந்து, அடி விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. அந்தப் பலகை இன்றும் புதுசு போலத்தான் இருக்கிறது. பலகையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

> கால்மிதி என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வாசலில் போடும் கால்மிதியாகத்தான் புரியும். இதை விட்டுவிடலாம்.

> முரசுமிதி: ஓசையும் நன்றாக இருக்கிறது, பொருளும் தெளிவு.

ஓசை நன்றாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முரசை மிதிப்பது என்றுதான் முதலில் காதில் விழுகிறது. முரசு வைக்கும் கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிய மோசிகீரனாருக்குத் தண்டனை தராமல் சேரமான் கவரி வீசினான் என்பதை இன்னும் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவு மதிப்பு அந்தக் கருவிக்கு. அதோடு ‘மிதி’ என்ற சொல்லைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. உணர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தச் சொல்லும் பலகையோடுதான் நின்றுவிடுகிறது.

சரி, இந்தக் கருவி எப்படி வந்தது என்று பார்ப்போம். பெடல் இல்லாத காலத்தில் ஒரே ஆள் கையில் இருந்த குச்சியாலேயே பெரிய டிரம்மையும் ஸ்நேர் என்ற சிறிய டிரம்மையும் மாற்றி மாற்றி அடித்தார். காலால் அடிக்கும் கருவிகள் சில இருந்தன, ஆனால் ஓட்டமான ராக்டைம் இசைக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. சிகாகோவில் டிரம் வாசித்துக்கொண்டிருந்த வில்லியம் லுட்விக் தானே ஒன்றைச் செய்தார். 1909-இல் தம்பி தியோபால்டும் அவரும் சேர்ந்து அதைச் செய்து விற்கத் தொடங்கியதுதான் லுட்விக் நிறுவனத்தின் பிறப்பு. நடந்தது இவ்வளவுதான்: கையில் இருந்த அடிகோல் காலுக்குப் போனது, இரண்டு கையும் மற்ற வேலைக்குக் கிடைத்தன. இன்றைய டிரம் செட் ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியமானது இதனால்தான்.

அப்படியானால் நம் பெயர் அடிகோலில் இருந்து தொடங்க வேண்டும். முரசடிக்கும் கோலுக்குச் சங்கப் பாடல்களில் குணில், கடிப்பு என்று இரண்டு சொற்கள் உண்டு. கடிப்பு இன்றைக்குக் கடிப்பதை நினைவூட்டும். குணில் வேறு எந்தப் பொருளிலும் இன்று புழக்கத்தில் இல்லை. சும்மா கிடக்கிறது. மூன்றே எழுத்து, சொல்லவும் எளிது. காலால் மிதிக்க, முரசில் விழும் குணில். ஆகவே:

மிதிகுணில்.

நடுவில் ‘க்’ போட வேண்டாம். ஊறுகாய், மிதிவண்டி போல இது வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. குணில் என்றால் அடிகோல் மட்டும், மிதிகுணில் என்றால் முழுக் கருவி. இரட்டைப் பெடல் இரட்டை மிதிகுணில். பேஸ் டிரம்முக்குப் பெருமுரசு போதும் என்று நினைக்கிறேன். பேஸ் என்பதற்கு மெலிவு என்ற இசைத்தமிழ்ச் சொல்லை ஒருவர் நினைவூட்டியிருந்தார். மந்தர ஸ்தாயிக்கு அதுதான் பழைய பெயர், உண்மை. ஆனால் ‘மெலிவுமுரசு’ என்று எழுதினால் சத்தம் குறைந்த டிரம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

> பறையடிப்பவர்கள் அடிக்குச்சி, சிம்புக்குச்சி என்கிறார்களே, வழக்கில் உள்ளதை எடுக்கலாமே?

எடுக்கலாம், கையால் அடிக்கும் டிரம் குச்சிக்கு. பறையின் இரண்டு குச்சிகளும் கையில் பிடிப்பவை, தனித்த வடிவம் உடையவை, அந்தப் பெயர்கள் அந்தக் கலைக்கு உரியவை. காலால் இயங்கும் உருண்டைத் தலைக் கோலுக்கு அதைக் கொண்டுவந்து குழப்ப வேண்டாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இதில் நான் பிடிவாதமாக இல்லை.

இனி உறுப்புகள். கையேட்டுக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான், விலை இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

குணில் பூட்டியிருக்கும் குறுக்குக் கம்பி அச்சு. அதன் இரு முனையிலும் பேரிங். பாடநூல்களில் பேரிங்குக்குத் தாங்கி என்று இருக்கிறது. டிரம் உலகில் தாங்கி என்றால் ஸ்டாண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். சைக்கிள் கடை முதல் லாரிப் பட்டறை வரை பேரிங் என்றே சொல்வதால் அதை அப்படியே விடுகிறேன். ஒரு மிதிகுணில் விலைக்குத் தகுமா என்று பார்க்க முதல் சோதனை இந்த அச்சில்தான். குணிலின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைக்க வேண்டும். லொடலொடவென்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பிறகு குணிலைப் பின்னால் இழுத்து விட வேண்டும். ஊஞ்சல் போல நெடுநேரம் ஆடினால் உராய்வு குறைவு. இரண்டு மூன்று ஆட்டத்தில் நின்றால் உங்கள் கால் ஒவ்வொரு அடியிலும் அந்த உராய்வோடு மல்லுக்கட்டப் போகிறது.

அடுத்தது பலகையையும் உருளியையும் இணைப்பது. இதற்குப் பொதுப்பெயர் இழுவை என்கிறேன். தோல் அல்லது நைலான் வார் என்றால் வாரிழுவை, சங்கிலி என்றால் சங்கிலியிழுவை, வளையாத உலோகத் தண்டு என்றால் தண்டிழுவை. மூன்றும் ஒரே அச்சில் வார்த்த சொற்களாக இருப்பதால் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தண்டிழுவை என்னவோ புதிய கண்டுபிடிப்பு என்பது போலக் கடைகளில் பேசுகிறார்கள். 1937-இல் வந்த லுட்விக்கின் ‘ஸ்பீட் கிங்’ பெடலிலேயே தண்டுதான் இருந்தது. அதன் சுருள்வில்கள் நிற்கும் தூண்களுக்கு உள்ளே மறைந்திருக்கும். லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாம் வாசித்தது அதில்தான். கிறீச்சிடும் சத்தத்துக்கும் அது பேர்போனது. சங்கிலியைப் பரவலாக்கியதில் கலிபோர்னியாவின் டி.டபிள்யூ. (டிரம் வொர்க்‌ஷாப்) நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தொடங்கிய ஆண்டு 1972, அவர்களுடைய 5000 வரிசை இன்றும் விற்கிறது. வாரில் வாசிப்பவருக்கு அது இலேசு, சங்கிலியில் உறுதி கூடுதல், தண்டில் கால் அசைந்த அளவு அப்படியே குணிலுக்குப் போகும், அதனால் காலின் பிழையும் அப்படியே கேட்கும். தொடங்குகிறவர்களுக்குச் சங்கிலியிழுவையைத்தான் நான் சொல்வேன்.

உருளியில்தான் சொல் சிக்கல் அதிகம்.

> கேம் என்பதற்கு நெம்புருள் என்று பொறியியலில் இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் கேம் என்றால் மையம் விலகிச் சுழல்வது, இங்கே எல்லா உருளியும் கேம் இல்லை. சங்கிலி சுற்றும் சக்கரம் அச்சை நடுமையமாகக் கொண்ட வட்டமாக இருந்தால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே விசை, ஒரே வேகம். மையம் விலகியிருந்தால் குணில் தோலை நெருங்க நெருங்க வேகம் எடுக்கும். டி.டபிள்யூ.காரர்கள் முதலாவதை டர்போ என்றும் இரண்டாவதை ஆக்சிலரேட்டர் என்றும் விற்கிறார்கள். டர்போ என்ற பெயரைப் பார்த்தால் அதுதான் வேகம் கூட்டுவது என்று தோன்றும், நடப்பது நேர் எதிர். தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க நமக்கு வாய்ப்பு இருக்கிறது. முதலாவதைச் சமவுருளி என்றும் இரண்டாவதை முடுக்குருளி என்றும் சொல்வோம். சொல்லைக் கேட்டதுமே எது என்ன செய்யும் என்று தெரிந்துவிடுகிறது.

மற்றவை எளிது. குதிகால் பக்கம் பலகை மடங்கும் இடம் கீல். அச்சுக்கு அடுத்து முதலில் தேய்வது அதுதான், அதையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தரையில் படியும் தகடு அடித்தட்டு. டிரம்மின் மரவளையத்தைப் பிடிப்பது கவ்வி. கவ்வியில் ரப்பர் இல்லாவிட்டால் இரும்பு மரத்தைக் கடித்துத் தடம் பதிக்கும், பெடலில் மிச்சம் பிடித்த காசு டிரம்மில் போகும். குணிலின் தலை ஃபெல்ட்டா, மரமா, பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்து ஓசை மாறும். ஆனால் தலையைப் பிறகு தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

இரட்டை மிதிகுணிலில் ஒரு வார்த்தை. இடது பலகையின் அசைவை வலது பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் இரு முனையிலும், லாரியின் புரொபெல்லர் ஷாஃப்ட்டில் இருப்பது போன்ற மூட்டுகள் உண்டு. மலிவான கருவியில் அந்த மூட்டுகளில் இடைவெளி விழும், இடது கால் எப்போதும் ஒரு நொடித்துளி பின்தங்கும். மாணவன் தன் கால்தான் சரியில்லை என்று நினைத்து வருந்துவான். அதே பணத்துக்கு நல்ல ஒற்றை மிதிகுணில் வாங்குவது மேல்.

இனி ‘ஹார்ட்வேர்’. வன்பொருள் கணினிக்குப் போய்விட்டது, இங்கே அது பொருந்தவே பொருந்தாது. முரசுகட்டில் என்ற பழஞ்சொல் மேல் எனக்கு ஆசை அதிகம். முரசைத் தாங்கும் இருக்கை என்பதுதானே அதன் பொருள்! இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன். ஆனால் கட்டில் என்றதும் படுக்கைதான் வருகிறது, பன்மையில் இன்னும் மோசம். கடைசியில் தளவாடம் என்ற சொல்லுக்கு வந்தேன். ஸ்டாண்டு, கவ்வி, மிதிகுணில் எல்லாம் அதில் அடங்கும், எல்லாருக்கும் தெரிந்த சொல்லும்கூட. முரசுத் தளவாடம்.

தளவாடத்தில் எதற்கு முதலில் செலவழிப்பது? அசையும் உறுப்பு உள்ளதற்கு. அதாவது மிதிகுணில், அடுத்தது ஹை-ஹாட் (காலால் சேர்த்து ஒலிக்கும் இரட்டைத் தட்டு) ஸ்டாண்டு. சிம்பல் என்ற உலோகத் தட்டைத் தாங்கிச் சும்மா நிற்கும் ஸ்டாண்டில் சிக்கனம் பிடிக்கலாம். இரட்டைப் பட்டைக் கால் வைத்த கனமான ஸ்டாண்டுதான் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஓங்கி அடிப்பவருக்கு அது வேண்டும். பேருந்தில் ஏற்றி இறக்கி ஊர் ஊராகப் போகிறவருக்கு ஒற்றைப் பட்டையே போதும், தோள் தப்பிக்கும். பழைய ஸ்டாண்டு வாங்கினால் மரை தேய்ந்திருக்கிறதா என்று திருகிப் பாருங்கள். உச்சியில் சிம்பலை இறுக்கும் விங் நட் 6 மில்லிமீட்டரிலும் வரும், 8 மில்லிமீட்டரிலும் வரும். மாற்று வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

ஸ்டாண்டுக் குழாயில் உயரத்தைக் குறித்து வைக்க ஒரு வளையம் பூட்டுவார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘மெமரி லாக்’ என்று பெயர். ‘நினைவுப் பூட்டு’ என்ற பரிந்துரை எனக்குச் சம்மதமில்லை. அந்த வளையம் எதையும் நினைவில் வைப்பதில்லை, கழற்றி மாட்டினாலும் குழாய் அதே நிலையில் நிற்கச் செய்கிறது. நிலைவளையம் என்றால் போதும்.

ஹை-ஹாட்டுக்குக் கால்தாளம் என்று ஒரு தோழி எழுதியிருந்தார். படித்த உடனே பிடித்துப்போனது. கைத்தாளம் நம்மிடம் இருக்கிறது. இதுவும் இரண்டு தட்டுகள்தான், காலால் சேர்கின்றன. புணர்ச்சி விதிப்படி காற்றாளம் என்று வர வேண்டும் என்று ஒருவர் திருத்தியிருந்தார். விதி சரிதான். ஆனால் காற்றாளத்தில் காலும் தெரியவில்லை, தாளமும் தெரியவில்லை, காற்றுதான் தெரிகிறது. பிரித்தே எழுதலாம்.

டிரம்மர் உட்காரும் ‘த்ரோன்’ மட்டும் பாக்கி. அரியணை என்று மொழிபெயர்க்க வேண்டாம். பெரும்பாலும் மூன்று கால் வைத்த வட்ட இருக்கை அது, நம் முக்காலியேதான். நான்கு கால் வைத்தவையும் விற்கின்றன. அதை நாற்காலி என்று எழுதினால் சாய்மானம் வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். இதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கலாம் என்பதை வைத்து ஏதாவது சொல் அமையுமா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் கையேட்டின் முதல் படியிலேயே சேர்த்துவிடுவேன்.