ஐம்பதைக் கடந்த பிறகு பவுடரும் பொட்டும் கண்மையும்

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கேரள அரசுப் பணியில் என்னைப் போல 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு 56 வயதில் ஓய்வு என்பதால், வகுப்பறையில் நிற்க எனக்கு இன்னும் சிறிது காலமே மீதமிருக்கிறது. வேலையில் சேர்ந்த நாள் முதல் பவுடர், ஸ்டிக்கர் பொட்டு, கண்மை, விசேஷங்களுக்கு லிப்ஸ்டிக், நாற்பதுக்குப் பிறகு தலைச்சாயம் என்று இருந்த என் ஒப்பனை, மாதவிடாய் நின்றதிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்து, இன்று குங்குமமும் கண்மையும் மட்டும் தங்கியிருக்கின்றன. ஒரே நாளில் வெறுத்து விட்டதல்ல. ஒவ்வொன்றையும் கைவிடுவதற்கு ஒவ்வொரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்கள் இந்த வயதை எட்டும் பெண்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் போனது பவுடர். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கார்த்திகையிலிருந்து மாசி வரை வீசும் வறண்ட கிழக்குக் காற்றை எங்கள் பகுதியில் எல்லோரும் அறிவார்கள். உதடு வெடிக்கும், கை வெளுக்கும். இளவயதில் முகத்தில் எண்ணெய் வழிந்ததால் பவுடர் அதை உறிஞ்சிக்கொண்டு நின்றது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. முதல் ஐந்து ஆண்டுகளிலேயே தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட தோலில் பவுடர் ஒட்டாது, கோடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மதிய மணி அடிக்கும்போது கண்ணாடியைப் பார்த்தால், வாயின் இரு பக்கமும் உள்ள கோடுகளில் வெள்ளையாக இழை ஓடியிருக்கும்; சாக்பீஸ் தூளும் சேர்ந்து, இல்லாத வயதையும் கூட்டிக் காட்டும். பவுடரை நிறுத்தி, குளித்த ஈரம் காய்வதற்குள் சாதாரண மாய்ஸ்சரைசர் தடவத் தொடங்கினேன். முதல் வாரத்தில் உடன் பணிபுரியும் மலையாள ஆசிரியை, "எந்தா டீச்சரே, சுகமில்லே?" என்று கவலையோடு கேட்டார். காரணத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

பொட்டு அவ்வளவு எளிதில் முடிகிற விஷயமல்ல. என் நங்கை, அதாவது அண்ணன் மனைவி, கோபாலபுரம் சோதனைச் சாவடி தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறார். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு வைத்து வைத்து, பொட்டின் அளவிலேயே அவர் நெற்றியில் தோல் வெளுத்துவிட்டது. சில பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது; அது தோலுக்கு நிறம் தரும் செல்களை அழிக்கக்கூடியது. கோயம்புத்தூரில் பார்த்த தோல் மருத்துவர் இதை விளக்கிவிட்டு, ஸ்டிக்கரை அன்றே நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தில் கொஞ்ச காலத்துக்கு எதையும் வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். நங்கை அப்படியே செய்தார். அடுத்து வந்த ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மூத்த பெண்மணி, "ஏனம்மிணி, ஊட்டுக்காரர் கல்லாட்டம் இருக்கையில வெறும் நெத்தியோட வந்திருக்கறே?" என்று இலைக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார். நங்கை அதன் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நோய்க்காகச் செய்த ஒரு மாற்றத்தைத் தாலியோடு முடிச்சுப் போட்டுப் பேசும் இந்த வழக்கம் என்னை இன்றும் வருத்துகிறது.

எல்லைக்கு இப்பால் வந்தால் நிலைமை வேறு. சித்தூர்க்காவு பகவதி கோயிலில் தொழுதுவிட்டு, இலைக்கீற்றில் வாங்கிய சந்தனத்தை மட்டும் இட்டுக்கொண்டு அலுவலகம் போகும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் நெற்றியைப் பார்த்து யாரும் கணவனின் நலம் விசாரிப்பதில்லை. நங்கையை ஒரு மாதம் என் வீட்டில் வந்து தங்கச் சொன்னேன். வெளுத்த இடத்தைத் தொடாமல், புருவங்களுக்கு வெகு மேலே மெல்லிய சந்தனக் கீற்று இடப் பழகினார். ஊர் திரும்பிய பிறகும் அதையே தொடர்கிறார். கேட்பவர்களிடம் மருத்துவரின் பெயரையே பதிலாகச் சொல்லிவிடுகிறார். நிறம் ஓரங்களிலிருந்து மெல்லத் திரும்புகிறது, இன்னும் முழுதாகச் சேரவில்லை. நான் அவரைப் பார்த்தே ஸ்டிக்கரிலிருந்து குங்குமத்துக்கு மாறினேன். அதிலும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் சாயம் கலந்த குங்குமம் சிலருக்கு நெற்றியைக் கறுக்கச் செய்துவிடுகிறது.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். எங்கள் தெருவில் என்னை அக்கா என்று அழைக்கும் ஒரு பெண்ணுக்குக் கன்னங்களில் மங்கு என்னும் கருந்திட்டு படர்ந்தது. தினமும் பவுடரும் பவுண்டேஷனும் போட்டு அதை மறைப்பதில் சலித்துப்போன அவர், முகமே தெளிந்துவிட்டால் எதுவும் போட வேண்டாமே என்று எண்ணி, தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லாத ஒரு வெண்மைக் கிரீமை யாரோ சொல்லி வாங்கினார். சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆனது; நாங்கள் எல்லோரும் வியந்தோம். பிறகு சிறுநீர் நுரைத்தது, கால் வீங்கியது. பரிசோதனையில் சிறுநீரில் புரதம் இறங்குவது தெரிந்தது. மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே முகத்துக்கு என்ன தடவுகிறீர்கள் என்பதுதான்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, 15 பேருக்கு அந்த நோயின் நெல்-1 (NELL-1) என்ற அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெண்மைக் கிரீம் தடவியவர்கள். இத்தகைய கிரீம்களில் கலக்கும் பாதரசம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைத் தடுப்பதால்தான் முகம் வெளுக்கிறது, ஆனால் அதே பாதரசம் தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் தங்குகிறது. 2020ஆம் ஆண்டின் நம் நாட்டு அழகுசாதன விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த பொருள்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதித்ததும் இத்தகைய பொருள்களுக்காகத்தான். டப்பாவில் மெர்குரஸ் குளோரைடு அல்லது கலோமெல் என்று பாதரசச் சேர்மத்தின் பெயர் எழுதியிருந்தாலும், தங்கம் வெள்ளி நகைகளில் படக் கூடாது என்று எச்சரித்திருந்தாலும், அதைத் தொடவே வேண்டாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கிரீம் என்பது எளிமை போலத் தோன்றும். எங்கள் தெருப் பெண்ணுக்கு அந்த ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கேடாக முடிந்தது. கிரீமை நிறுத்தி, மருந்து எடுத்து, இப்போது வீக்கம் வற்றித் தேறி வருகிறார்.

தலைச்சாயத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காதோரம் அரித்துத் தடித்தது. சாயத்தில் உள்ள பிபிடி என்ற பொருள் ஒவ்வாமல் போனதுதான் காரணம் என்றார்கள், விட்டுவிட்டேன்.

கண்மையை மட்டும் விட மனம் வரவில்லை, விடவும் மாட்டேன். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பூவாங்குருந்தல் என்ற மூலிகையின் இலையை அரைத்துச் சாறு பிழிந்து, வெள்ளைத் துணியை அதில் நனைத்து நிழலில் உலர்த்துவார். துணி கரும்பச்சையாகும் வரை மீண்டும் மீண்டும் நனைப்பார். அதைத் திரியாகத் திரித்து விளக்கெண்ணெயில் ஏற்றி, மேலே செம்புத் தட்டைக் கவிழ்த்து வைத்தால் இரவெல்லாம் கரி படியும். விடிந்ததும் கோழி இறகால் வழித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்துச் சிமிழில் அடைப்பார். அந்த வாசனை என் மூக்குக்கு இன்றும் தெரியும். இப்போது கடை மைதான் வாங்குகிறேன், ஈயம் கலக்காததாக, உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர் உள்ளதாக. வயதேறக் கண் வறள்வதால் இமையின் உள்விளிம்பில் தீட்டுவதை நிறுத்தி, முடி முளைக்கும் வரிசைக்கு வெளியே மெல்லிதாக இழுக்கிறேன். இரவில் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டே படுக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தது சன்ஸ்கிரீன் ஒன்றுதான். பங்குனி வெயிலில் பள்ளி மைதானத்தில் நிற்பவர்களுக்கு அது இல்லாமல் மங்கு குறையாது.

வரும் தை மாதம் பொள்ளாச்சி மண்டபத்தில் மகளின் கல்யாணம். மணப்பெண்ணை அலங்கரிக்க வரும் பெண், அம்மாவுக்கும் சேர்த்து ஒப்பனை போட்டுவிடுவதாகச் சொன்னார். மகள் என்னை முந்திக்கொண்டு, "அம்மாவுக்கு மையும் குங்குமமும் போதுங்க, அத்தைக்குச் சந்தனம் நானே வெச்சுவிடறேன்" என்று பேசி முடித்துவிட்டாள்.