மரத்தில் மாட்டிய டிஸ்க்குக்கு பெனால்டி உண்டா?

கேள்வி: டிஸ்க் கோல்ஃப்பில் (தட்டு வீசிக் கூடையில் போடும் ஆட்டம்) நான் புதுசு. நேற்று டிஸ்க் 3 மீட்டர் உயரத்தில் கிளையில் மாட்டிக்கொண்டது, கூட ஆடியவர் யோசிக்காமல் என் கணக்கில் ஒரு த்ரோவை (வீச்சை) அபராதமாக ஏற்றிவிட்டார். சரியா? கீழே கட்டெறும்புப் புற்று வேறு, அதன்மேல் நின்றா வீசுவது?

பதில் 1: ஏற்றியது தப்பு. 2 மீட்டருக்கு மேலே மாட்டினால் ஒரு த்ரோ அபராதம் என்கிற அந்த 2 மீட்டர் விதி, போட்டி இயக்குநர் அறிவித்திருந்தால்தான் செல்லும். இல்லையென்றால் டிஸ்க்குக்கு நேர் கீழே தரையில் அடையாளம் வைத்து, அங்கிருந்து அபராதமில்லாமல் ஆடலாம்.

பதில் 2: கடிக்கிற எறும்பு, தேங்கிய தண்ணீர் இதற்கெல்லாம் அபராதமில்லாமல் விலகலாம், ஆனால் கூடையையும் அந்த அடையாளத்தையும் சேர்க்கும் கோட்டிலேயே பின்னால்தான் போகணும், பக்கவாட்டில் கூடாது. முள்புதருக்குப் பயந்து அதே கோட்டில் பின்வாங்கினால் மட்டும் ஒரு த்ரோ அபராதம்.

கேட்டவர்: அட, நேற்று பக்கவாட்டில்தான் நகர்ந்தேன்!