என்சடினா சாலமாண்டர் ஒரே இனமா, பல இனமா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. பாலக்காட்டுக் கணவாய் திரியில கலிபோர்னியா சாலமாண்டர் பேச்சு வந்து பாதியில நின்னுபோச்சு, அதைத் தனியா பேசலாம்னு இங்க போடறேன். தெரியாதவங்களுக்கு: என்சடினா பாக்கறதுக்கு பல்லியாட்டம் இருக்கும், ஆனா தவளை மாதிரி நீர்நிலவாழ் வகையறா. நுரையீரலே கிடையாது, தோல் வழியாவும் வாய்க்குள்ள இருக்கற சவ்வு வழியாவும்தான் மூச்சு, அதனால ஈரம் இல்லாத எடத்துல பொழைக்க முடியாது. கலிபோர்னியா நடுவுல சென்ட்ரல் வேலின்னு சுமார் 700 கிமீ நீளத்துக்கு காஞ்ச சமவெளி இருக்கு, அதைச் சுத்தி இருக்கற மலைங்கள்ல வளையமா பரவியிருக்கு இது. கடலோர மலையில இருக்கறது பூசுன மாதிரி ஒரே நிறம். உள்நாட்டு மலையில இருக்கறது திட்டுத் திட்டா. தெக்கு மூலையில ரெண்டும் ஒட்டுக்கா வாழுது, ஆனா ஒண்ணோட ஒண்ணு கலக்கறது அபூர்வம், குயமாக்கா மலைல பாத்த எடத்துல கலப்பே இல்ல. இதுக்கு மேல என்னங்க வேணும்? என் கட்சி, இது ரெண்டு இனம்.

ஆனமலை டீச்சர்:
தம்பி, நீங்க தெக்கு மூலைய மட்டும் பாக்கறீங்க. கடலோரத்துல இருந்து வடக்க ஏறி, சுத்தி உள்நாட்டு மலை வழியா இறங்கிப் பாருங்க, பக்கத்துப் பக்கத்துல இருக்கற கூட்டம் பெரும்பாலும் கலந்துதான் இருக்கு. 1949ல ராபர்ட் ஸ்டெபின்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் சொன்னதே இதுதான், வடக்க ஒரே கூட்டமா இருந்தது ரெண்டு கையா பிரிஞ்சு தெக்க இறங்குச்சு, போகப் போக மாறுச்சு, கடைசில சந்திச்சப்ப ஒத்துக்கல. ரெண்டு இனம்னா கோடு எந்த ஊர்ல போடுவீங்க? அதை மொதல்ல சொல்லுங்க.

சென்னிமலைத் தறி:
டீச்சர் அக்கா, அந்தப் படம் அழகா இருக்கு, ஆனா அவ்வளவு சுத்தமா இல்லீங்க. 1986ல புரத வேறுபாட்ட வெச்சுப் பாத்தப்பவே சில கூட்டங்களுக்கு நடுவுல நெம்ப பெரிய இடைவெளி தெரிஞ்சுது. 1998ல ரிச்சர்ட் ஹைட்டன்ங்கற ஆராய்ச்சியாளர் இது பல இனம், வளையம்னு சொல்றதே சரியில்லன்னு கட்டுரை போட்டாரு, வளையம்தான்னு சொல்ற ஆராய்ச்சியாளர் டேவிட் வேக் தரப்பு அதே வருசம் பதில் போட்டுச்சு. அதுவும் போக கடலோரத்துக்காரன் ஒருத்தன் சமவெளியத் தாண்டி அக்கட்ட சியராங்கற உள்நாட்டு மலை அடிவாரத்துக்கே போயிட்டான். மஞ்சக் கண்ணு ஆரஞ்சு வயிறு, சேந்தாப்டிகான்னு பேரு. அங்கயும் உள்ளூர்க்காரனோட கலப்பு ஒரு குறுகலான பட்டையிலதான். வளையத்துக்கு நடுவுல இப்படி ஒரு குறுக்கு வழி இருக்குன்னா அப்பறம் என்ன வளையம்?

ஆனமலை டீச்சர்:
குறுகலா இருந்தாலும் கலப்பு இருக்குல்ல, ஜீன் போக்குவரத்து இருக்குல்ல, அதைத்தான் நான் சொல்றேன். சேந்தாப்டிகா நல்ல உதாரணம், ஆனா எனக்குத்தான் சாதகம். அந்தப் பக்கத்துல டாரிக்கான்னு ஒரு நியூட் (அதுவும் சாலமாண்டர் வகைதான்) இருக்கு, பஃபர் மீன்ல இருக்கற அதே விசம் அதோட தோல்ல. அதே ஆரஞ்சு வயிறு, அதே மஞ்சக் கண்ணு. விசப்பிராணின்னு நெனச்சு வேட்டையாடறது விட்டுடும்ங்கறதுதான் இந்த நிறத்துக்குக் காரணம்னு களிமண் பொம்மை வெச்சு சோதிச்சும் பாத்திருக்காங்க. தெக்க இருக்கற க்ளாபெரிங்கற உள்நாட்டு என்சடினாவுக்கு கருப்பு ஒடம்புல ஆரஞ்சுப் பட்டை, அது சருகுக்குள்ள உருவம் ஒடைஞ்சு தெரியறதுக்கு. அதாவது நிறம் அந்தந்த எடத்து எதிரிக்குத் தக்க வேகமா மாறிடும். நிறத்த நம்பி இனம் பிரிக்கக் கூடாது.

நொய்யல்கரை:
நிறத்த விட்டுடறேனுங்க. நம்ம ஊரையே எடுத்துக்கங்க. நீலகிரில ஒரு சோலைப் பாடும்பறவை, ஆனமலைல இன்னொண்ணு, நடுவுல கணவாய். பாத்தா நெம்ப வித்தியாசம் இல்ல, இருந்தும் ரெண்டு இனமாத்தான் வெச்சிருக்காங்க, 2017ல சோலிகோலான்னு புது பேரினமே குடுத்தாங்க. நேர்ல சந்திக்காத பறவைக்கே ரெண்டு பேரு, ஒரே மரக்கட்டைக்கு அடியில இருந்தும் சேராத சாலமாண்டருக்கு ஒரே பேரா?

ஆனமலை டீச்சர்:
கணவாய் உதாரணம் இதுக்குப் பொருந்தாது. நீலகிரிக்கும் ஆனமலைக்கும் நடுவுல சுத்தி வர மலை வழியே கிடையாது, சங்கிலி அறுந்துபோச்சு. என்சடினாவுக்கு வடக்க சங்கிலி அறுகல. அறுந்தா நானே ரெண்டு பேரு வெக்கச் சொல்லுவேன்.

கோபி வாய்க்கா:
நடுவுல வரேன், மன்னிக்கணும். நீங்க மூணு பேரும் சொல்றதுல பாதுகாப்பு விசயம் வரவே இல்லியே. இமயமலை நியூட் எடுத்துக்கங்க, இந்தியாவுல சாலமாண்டர் வகையறா டார்ஜிலிங், வடகிழக்கு மலைங்கள்லதான். 1871ல யுன்னான்ல இருந்து ஒரே இனமா பேரு வெச்சாங்க, 2015ல கிழக்கு நேபாளத்துல இருந்து ஹிமாலயானஸ்னு தனியா பிரிச்சாங்க. ஒண்ணா வெச்சிருந்தா சீனாவுல இருக்கு, இங்க போனா என்னன்னு விட்டுடுவாங்க. பிரிச்சா அது இருக்கற குட்டைய மண்ணு கொட்டி மூடறதுக்கு முன்னாடி ஒருத்தராவது கேள்வி கேப்பாங்க. அந்த நியூட் முட்டை வெக்கறது மழைக்காலத்துல அந்த மாதிரி சின்னக் குட்டைலதான்.

சென்னிமலைத் தறி:
இதுக்கு டீச்சர் அக்கா பதில் சொல்லணும்.

ஆனமலை டீச்சர்:
சொல்றேன். பாதுகாப்பு வேணும்னா கூட்டத்துக்கே குடுங்க, சப்ஸ்பீசிஸ்க்கே, அதாவது துணையினத்துக்கே குடுங்க, சட்டத்துல அதுக்கு எடமிருக்கற நாடுங்க இருக்கு. என்சடினால ஏழு சப்ஸ்பீசிஸ் இருக்கு, ஏழையும் தனித்தனியா காப்பாத்தலாம். காப்பாத்தறதுக்காக இனம்னு பேரு மாத்தறத நான் ஒத்துக்க மாட்டேன். நொய்யல்கரை தம்பி இன்னும் கோடு எங்கன்னு சொல்லல.

நொய்யல்கரை:
சியரா அடிவாரத்துலயும், தெக்கு மலைலயும். வடக்க நான் கை வெக்கல.

ஆனமலை டீச்சர்:
அப்ப வடக்க இருக்கறது எந்த இனத்துல சேத்தி? கடலோரத்துதா, உள்நாட்டுதா?