ஏழு மணிக்கு மேல் கோழிக்குக் கண் தெரியாதாம்!

வேப்பமரத்தடி:
முந்தாநாள் ஒருத்தர் பாவம், "என் கோழிகள் கூண்டில் அடைய மாட்டேன் என்கின்றன, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார். அதற்கு நம் கொக்கரக்கோ அண்ணன் கொடுத்த பதில்: "பொழுது இறங்கினால் கோழிக்குக் கண் தெரியாது. கூண்டைத் திறந்து வைத்தால் தானாக வந்து அடையும். அடையாவிட்டால் வளர்ப்பவன் சோம்பேறி."

சரி, நான் சோம்பேறி. என்னிடம் சிறுவிடை என்கிற நாட்டுக் கோழிகள் பதினொன்று, ஒரு சேவல். ஆறு மாதமாக ஒழுங்காகக் கூண்டில் அடைந்தவைதான். இப்போது பதினைந்து நாளாக வாசல் வரை வருகின்றன, கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கின்றன, அப்படியே திரும்பிப் போய் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன. நேற்றுக் கடைசிக் கோழி ஏறும்போது மணி ஏழு. கண் தெரியாத கோழி பத்தடி உயரக் கிளையை எப்படி அண்ணே பிடித்தது?

கொக்கரக்கோ:
தம்பி, நான் 22 வருஷமாகக் கோழி வளர்க்கிறேன். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. பிராய்லர் பண்ணையில் லோடு ஏற்றுபவன் ஏன் ராத்திரியில் வருகிறான்? பகலில் பிடித்தால் கோழி சிதறி ஓடும், இருட்டில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். இதுகூடத் தெரியாமல் கோழி வளர்க்க வந்துவிட்டீர்கள்.

கரிசக்காடு:
வேப்பமரத்தடி தம்பி கோழிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்திருப்பார் போல. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். போன வருஷம் இவர் "எல்லாம் கருக்கூடிய முட்டை" என்று சொல்லித்தான் எனக்கு 20 முட்டை கொடுத்தார். பொரித்தது மூன்று. அந்த முட்டைக்குள்ளும் இருட்டு, குஞ்சுக்குக் கண் தெரியாமல் உள்ளேயே இருந்துவிட்டது.

கொக்கரக்கோ:
முட்டைக் கதையை இங்கே இழுக்காதே. பஸ்ஸில் மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டு போனது யார்?

மொட்டைமாடி:
வணக்கம். சென்னையில் மாடியில் நான்கு கோழிகள் வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் பாதிப் பாதி சரி என்று நினைக்கிறேன். கோழியின் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் அதிகம், மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் குறைவு. நமக்கு மூன்று வகைக் கூம்பு என்றால் அதற்கு நான்கு, புற ஊதாக் கதிர்கூடத் தெரியும். பகலில் நம்மைவிட நிறத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நன்றாக இருட்டிவிட்டால் திண்டாடும். அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே தூங்கும் இடத்தைத் தேடுகிறது.

கொக்கரக்கோ:
கேட்டீர்களா? திண்டாடும்! நான் சொன்னதைத்தான் மேடம் விஞ்ஞானமாகச் சொல்லியிருக்கிறார்.

வேப்பமரத்தடி:
அண்ணே, "வெளிச்சம் இருக்கும்போதே" என்றும் எழுதியிருக்கிறார். நான் சொன்னதும் அதுதான். ஏழு மணிக்கு என் கோழிக்குக் கண் தெரிந்தது.

கொக்கரக்கோ:
ஏழு மணிக்குத் தெரியாது. அப்புறம் மேடம், கோழி "தூங்கும்" என்று எழுதாதீர்கள். கோழி அடையும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் பேசுவோம்.

மொட்டைமாடி:
முட்டை மேல் உட்காருவதையும் அடை என்றுதானே சொல்கிறீர்கள்? குழப்பமாக இருக்கிறதே.

கொக்கரக்கோ:
கோழி வளர்ப்பவனுக்குக் குழப்பம் இல்லை. மாடியில் வளர்ப்பவர்களுக்குத்தான் குழப்பம்.

சின்னாத்தா:
வேப்பமரத்தடி கண்ணு, சண்டை கிடக்கட்டும். ஆறு மாதம் அடைந்த கோழி திடீரென்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், உள்ளே எதுவோ கடிக்கிறது. எங்கள் கொடாப்பில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கதை. பகலில் தேடினேன், ஒன்றும் இல்லை. குறுக்குக் கம்பைச் சும்மா கழற்றினேன். கம்பு உட்காரும் பள்ளத்தில் சாம்பலும் மிளகுத்தூளும் கலந்து கொட்டினது மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கையில் அந்தத் தூள் நகர்கிறது. விரலை வைத்து நசுக்கினேன், ரத்தம்.

செம்பேன். பகல் முழுக்க இடுக்கில் கிடக்கும், ராத்திரி வந்து குடிக்கும். கோழி உடம்பில் தேடினால் அகப்படாது. ஒன்பது மணிக்குமேல் வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார். சிவப்புக் கோடு விழுந்தால் அதுதான். தட்டையாக, பெரிதாக இருந்தால் உண்ணி. அதுவும் ராத்திரித் திருடன்தான், ஒரு வருஷம் பட்டினி போட்டாலும் சாகாது. கோழி இல்லாமல் நாலு நாள் கூண்டைக் காலியாக வைத்தால் போய்விடும் என்று நினைக்காதே.

கொக்கரக்கோ:
ஆத்தா, எல்லாம் சரி. ராத்திரி ஒன்பது மணிக்குப் போனால் கோழி மிரண்டு ஓடுமா? ஓடாது. ஏன்? கண் தெரியாது.

வேப்பமரத்தடி:
டார்ச் அடித்தால் தெரியும்.

கொக்கரக்கோ:
டார்ச் அடித்தால் அது இருட்டே இல்லையே தம்பி! நான் சொன்னது இருட்டு. இருட்டு என்றால் இருட்டு.

கரிசக்காடு:
நவம்பரில் ஆறு மணிக்கே பொழுது சாய்கிறது. ஜூனில் ஆறரையைத் தாண்டுகிறது. அண்ணன் வீட்டில் வருஷம் முழுக்க ஏழு மணிக்கு ஒரே இருட்டு. கரண்டு பில் கட்டவில்லையா?

அப்புறம் ஆத்தா, கொடாப்பு என்கிறீர்கள். எங்கள் பக்கம் பஞ்சாரம்.

சின்னாத்தா:
பஞ்சாரம் கவிழ்க்கிற மூங்கில் கூடைதானே, தூக்கி வெயிலில் போட்டு உதறிவிடலாம். நான் சொல்வது பலகை அடித்த கூண்டு. அதில்தான் இடுக்கு அதிகம்.

கரிசக்காடு:
அப்படியென்றால் அதைக் கூண்டு என்றே சொல்லலாமே ஆத்தா.

மொட்டைமாடி:
இன்னொன்றையும் கேட்க வேண்டும். கூண்டுக்கு மேலே தகரமா? என் தகரக் கூண்டு பொழுது சாய்ந்த பிறகும் சட்டி மாதிரி கொதித்தது, கோழிகள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டன. மேலே தென்னங்கீற்றுப் போட்ட பிறகு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். மற்ற இரண்டும் எச்சம் அள்ளிய பிறகுதான் வந்தன. அமோனியா வாடை நமக்கே கண்ணை எரிக்கும்போது, தரையோடு இருக்கும் கோழிக்கு எப்படி இருக்கும்? முட்டைப் பெட்டியை உட்காரும் கம்பைவிட உயரமாக வைத்ததும் என் தப்பு. எது உயரமோ அங்கேதான் ஏறுகின்றன. மூதாதையான காட்டுக்கோழி மரத்தில் அடைவதுதானே.

கொக்கரக்கோ:
ரெண்டு *பேராம்*! கோழிக்கு மரியாதை, எனக்கு இல்லை.

காட்டுக்கோழியும் இருட்டுவதற்கு முன்னால்தான் ஏறும். ஏன்? திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

வேப்பமரத்தடி:
நேற்று ராத்திரி ஆத்தா சொன்ன மாதிரி மனைவியின் பழைய வெள்ளைத் துப்பட்டாவால் கம்பைத் துடைத்தேன். அடிப்பக்கம் பூரா சிவப்புக் கோடு. நூல் நூலாக. நாலு கம்பில் மூன்றில் இருக்கிறது. சேவலின் கொண்டை வெளிறிப் போயிருந்ததற்கும் இதுதான் காரணம் போல. வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னாத்தா:
கம்பை எல்லாம் கழற்று. கொதிக்கிற தண்ணீர் ஊற்றி வெயிலில் போடு. எச்சம், வைக்கோல் எல்லாவற்றையும் வாரி எரி. இடுக்கு விடாமல் சுண்ணாம்பு அடி. ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய், பேன் முட்டை பொரித்து அடுத்த கூட்டம் வந்திருக்கும். மருந்து தெளிப்பதானால் கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத் தெளி, முட்டை சாப்பிடுகிறீர்கள் அல்லவா.

கொக்கரக்கோ:
பார்த்தீர்களா! கூண்டைச் சுத்தம் செய்யவில்லை. நான் முதல் நாளே என்ன சொன்னேன்? அடையாவிட்டால் வளர்ப்பவன் சோம்பேறி. 22 வருஷ அனுபவம் தம்பி.

வேப்பமரத்தடி:
நீங்கள் பேனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா? கூண்டைத் திறந்து வைத்தால் போதும் என்றுதானே சொன்னீர்கள்? திறந்துதான் வைத்திருந்தேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயின. *எட்டிப் பார்த்துவிட்டு.* கண் தெரியாமல் எதைப் பார்த்தன?

கொக்கரக்கோ:
அது பழக்கத்தில் நீட்டியிருக்கும்.

கரிசக்காடு:
பழக்கத்தில் கழுத்து நீட்டும் கோழி! அண்ணே, அந்த 17 முட்டையும் பழக்கத்தில்தான் கூமுட்டையாகப் போயிற்றா?

கொக்கரக்கோ:
உன் அடைக்கோழி பாதியில் எழுந்து போனதற்கு நான் என்ன செய்ய? அதுக்கும் பேன் பிடித்திருக்கும், ஆத்தாவைக் கேள்.

சின்னாத்தா:
என்னை இதில் இழுக்காதீர்கள் சாமி. தண்ணீர் கொதிக்கிறதா கண்ணு?

வேப்பமரத்தடி:
கொதிக்கிறது ஆத்தா. மணி 6.40. ஒன்பது கோழி முருங்கையில் இருக்கிறது, இரண்டு கிணற்றுத் திட்டில். சேவல் என்னையே பார்க்கிறது.

கொக்கரக்கோ:
பார்க்கவில்லை. திசை தெரியாமல் நிற்கிறது.