உதவி: இரங்கல், வாழ்த்து, நன்றி – மூன்று கடிதமும் நோட்டீஸ் மாதிரி வருகிறது

சிப்காட் ஆபீஸ், ராணிப்பேட்டை

வணக்கம். டேனரிகளுக்குத் தோல் பதனிடும் கெமிக்கல் சப்ளை செய்யும் கம்பெனியில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. இந்த வாரம் மூன்று கடிதம் போக வேண்டும். வரைவைப் பார்த்த முதலாளி, "மூணும் நோட்டீஸ் மாதிரி இருக்கு, மாத்தி எழுதுங்க" என்கிறார். எங்கே இடிக்கிறது?

ஒன்று, வாணியம்பாடி டேனரி பாய் ஒருவரின் தந்தை நேற்று இறந்துவிட்டார். வரைவு: "தங்கள் தந்தையார் மறைவுச் செய்தி அறிந்து வருந்துகிறோம். அன்னாரின் ஆத்மா சாந்தியடைய வேண்டுகிறோம். எங்கள் ஒத்துழைப்பு என்றும் போல் தொடரும். நிலுவைத் தொகை பற்றித் தற்சமயம் கவலை வேண்டாம்."

இரண்டு, ஆம்பூர் பார்ட்டி புதிதாக ஃபினிஷிங் யூனிட் (பதனிட்ட தோலுக்குக் கடைசி மெருகு போடும் இடம்) திறக்கிறார். வரைவு: "தங்கள் புதிய யூனிட் சிறக்க வாழ்த்துகிறோம். ஃபினிஷிங் கெமிக்கல்கள் அனைத்தும் எங்களிடம் நியாயமான விலையில் கிடைக்கும். விலைப்பட்டியல் இணைத்துள்ளோம்."

மூன்று, பேரணாம்பட்டில் பல வருட வாடிக்கையாளர். வரைவு: "இதுவரை தாங்கள் அளித்த ஆதரவுக்கு நன்றி. மேலும் தங்கள் மேலான ஆதரவை நாடுகிறோம்."

காட்பாடி, பதில் 1

உங்கள் முதலாளி சரியாகத்தான் சொல்கிறார். மூன்று கடிதத்திலும் கடைசி வரியில் ஒரு கோரிக்கை ஒளிந்திருக்கிறது: நிலுவைத் தொகை, விலைப்பட்டியல், மேலான ஆதரவு. நல்லெண்ணக் கடிதத்தில் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் மேலே எழுதிய வாழ்த்தும் வருத்தமும் அதற்குப் போட்ட முன்னுரையாகிவிடும். படிப்பவர் நேரே கடைசி வரிக்குப் போய், "ஓ, இதுக்குத்தானா" என்று மடித்து வைத்துவிடுவார்.

"நிலுவை பற்றிக் கவலை வேண்டாம்" என்பதை முதலில் அடியுங்கள். நீங்கள் பெருந்தன்மையாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். துக்க வீட்டில் அது பாக்கியை ஞாபகப்படுத்தும் வரியாகத்தான் விழும். அந்தக் கடிதத்தை வீட்டில் மற்றவர்களும் எடுத்துப் படிப்பார்கள்.

இன்னொரு சோதனை. பெறுபவர் பெயரை மறைத்துவிட்டு வாசியுங்கள். வேறு யாருக்கு அனுப்பினாலும் பொருந்துகிறதா? மூன்றாவது அப்படித்தான் இருக்கிறது, தீபாவளிக் காலண்டரோடு எல்லோருக்கும் போகிற வரி. நன்றி எதற்கு என்று ஒரு காரியத்தையாவது பெயர் சொல்லி எழுத வேண்டும். சரக்கு லேட்டானபோது பொறுத்துக்கொண்டாரா? புது சாம்பிளை முதலில் தன் தோல் பதனிடும் டிரம்மில் போட்டுப் பார்த்து ரிசல்ட் சொன்னாரா? டெலிவரி நோட்டையும் லெட்ஜரையும் புரட்டினால் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் லோடு இறக்கும் பையனைக் கேளுங்கள், அவனுக்குத்தான் தெரியும்.

வாழ்த்துக் கடிதம் நாலு வரி போதும். விலைப்பட்டியல் பத்து நாள் கழித்து, தனிக் கவரில், தனிக் கடிதத்தோடு போகட்டும்.

மேல்விஷாரம், பதில் 2

வாணியம்பாடி கடிதம் பற்றி மட்டும். முஸ்லிம் குடும்பத்துக்கு "ஆத்மா சாந்தியடைய" வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அவர்கள் வழக்கில் இல்லாத வாசகம். அதே மாதிரி, இறப்புச் செய்தி கேட்டதும் அவர்கள் சொல்லும் இன்னா லில்லாஹி என்ற அரபு வாசகத்தை எங்கிருந்தாவது நகல் எடுத்து ஒட்டவும் வேண்டாம். எழுத்து பிசகினால் சங்கடம். உங்கள் தமிழிலேயே எழுதுங்கள்:

"தங்கள் தந்தையார் காலமான செய்தி கேட்டு மிகவும் வருந்தினோம். எங்கள் ஆட்கள் எப்போது வந்தாலும் உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டுத்தான் கணக்குப் பேசுவார். அதை நாங்கள் மறக்க மாட்டோம். இறைவன் அவருக்கு மறுமையில் நற்பேறு அளிக்கவும், தங்கள் குடும்பத்தாருக்குப் பொறுமையைத் தரவும் வேண்டுகிறோம்."

நடு வரி உண்மையாக இருக்க வேண்டும். டீ கொடுக்காதவர் என்றால் அவர் செய்தது எதுவோ அதை எழுதுங்கள். அவரைப் பார்த்தே இல்லை என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள், இரண்டு வரியே போதும். பெயருக்கு முன் "ஹாஜி" போடுவது அவர் ஹஜ் போய்வந்தது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும்.

நாள் முக்கியம். துக்கம் அனுசரிப்பது பொதுவாக மூன்று நாள். கடிதம் இன்றைக்கே கிளம்பட்டும், தபாலை நம்பாமல் ஆள் மூலம் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் முதலாளி தன் கையாலேயே எழுதட்டும். இந்து வீடென்றால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் போய்ச் சேர்ந்தாலும் சரி. அதிலும் பிள்ளையார் சுழி போட வேண்டாம், மூலையில் மஞ்சள் தடவும் வழக்கம் உங்கள் ஆபீசில் இருந்தால் அதுவும் கூடாது.

கணக்குப் பிரிவு, வேலூர், பதில் 3

கடிதம் நன்றாக அமைந்தும் காரியம் கெடுவது பெரும்பாலும் எங்கள் பக்கத்திலிருந்துதான். பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து பாக்கி நினைவூட்டல் வாட்ஸாப்பில் தானாகப் போகும். காலையில் இரங்கல் கடிதம், மதியம் "தங்கள் பில் காலக்கெடு முடிந்தது" என்று மெசேஜ். அந்தப் பார்ட்டிக்கு மட்டும் நினைவூட்டலை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். மறுபடி எப்போது தொடங்குவது என்று ஒரு தேதியும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறந்தே போகும்.

ஜிஎஸ்டியில் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வாங்கியவர் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (அந்த பில்லில் உள்ள வரியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை) திருப்ப வேண்டிவரும். அந்தக் கெடு நெருங்கினாலும் இந்தக் கடிதத்தில் அதைத் தொடாதீர்கள். சில நாள் கழித்து அவருடைய கணக்கரிடம் போனில் சொன்னால் போதும்.

கவரையும் பாருங்கள். முகவரி தெரிய ஜன்னல் வைத்த கவர் பில்லுக்கு உள்ளது, இதற்கு சாதா வெள்ளைக் கவர். ஸ்டேட்மென்டோ கேட்லாக்கோ உள்ளே போகக் கூடாது.

சிப்காட் ஆபீஸ், ராணிப்பேட்டை

ரொம்ப நன்றி. இரங்கல் கடிதம் முதலாளி கையெழுத்திலேயே கிளம்பிவிட்டது, நினைவூட்டலையும் நிறுத்தியாயிற்று. பேரணாம்பட்டுக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்:

"போன மழைக்காலத்தில் எங்கள் லாரி இரண்டு நாள் தாமதமானபோது ஆர்டரை ரத்து செய்யாமல் பொறுத்துக்கொண்டீர்கள். அந்த உதவியை எங்கள் கம்பெனியில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். மிக்க நன்றி. தங்கள் நல்லாதரவு தொடர வேண்டும்."

இதையும் ஆம்பூர் வாழ்த்தையும் ஈமெயிலில் அனுப்பலாமா? எங்கள் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துரு.

காட்பாடி, பதில் 4

கடைசி வரியை எடுத்துவிடுங்கள், திரும்பக் கேட்கிறது. "மிக்க நன்றி" என்பதோடு கையெழுத்துப் போடலாம்.

பாமினியில் அடித்ததை ஈமெயிலில் அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். யூனிகோடில் அடியுங்கள். இல்லையென்றால் பிடிஎஃப் ஆக்கி, உங்கள் போனில் திறந்து பார்த்த பிறகு அனுப்புங்கள். என் யோசனை, ஆம்பூர் வாழ்த்து தாளில் போகட்டும். திறப்பு விழா வாழ்த்தை ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு.

அதனால் பெயரும் முகவரியும் அழைப்பிதழில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். பழைய முகவரிப் பட்டியலில் எல்லாமே வேலூர் மாவட்டம் என்றிருக்கும், சிலரிடம் இன்னும் வட ஆற்காடு என்றே இருக்கிறது. 2019 பிரிவினைக்குப் பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், மேல்விஷாரம் உங்கள் ராணிப்பேட்டை மாவட்டம், பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருக்கின்றன. பின்கோடு சரியாக இருந்தால் தபால் போய்விடும். ஆனால் பெரிய எழுத்தில் "வேலூர் மாவட்டம்" என்று அடித்த வாழ்த்தை அவர் எப்படி மாட்டுவார்?

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கையில் கிடைக்கிற மாதிரி அனுப்புங்கள்.